பத்து மணிக்குக் குகை

கடல் இருந்த இடத்தில் இருக்கும் என்று நான் முப்பத்தொன்பது வயதுவரை நம்பியிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் பயணத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் பெரிய அனுபவசாலி என்று நினைத்து ஆலோசனை கேட்கிறார்கள். அந்த மயக்கம் முதலில் தெளியட்டும்.

என் ஊர் வேலணை. தீவுதான். ஆனால் யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து கடலுக்குக் குறுக்கே தெரு போட்ட பண்ணைத் தாம்போதி வழியாக பஸ்ஸில் போய் இறங்கலாம். நான் பிறந்த தீவுக்கு வள்ளத்தில் போனதே இல்லை. எங்கள் கடலும் சோம்பேறிக் கடல். முழங்கால் ஆழம், காலையில் பார்த்த தண்ணீர் மாலையிலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். வற்றுப்பெருக்கைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், சந்திரனுக்கு வட்டம் கீறிப் புள்ளியும் வாங்கினேன். அது சோதனைக்கு வருகிற விஷயம் என்று தெரியும்; கடலுக்கும் வரும் என்று தோன்றவில்லை. சிட்னிப் பேப்பரில் தினமும் குதிரைப் பந்தயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் போடுவார்கள். மீன் பிடிக்கிறவர்களுக்கு என்று நினைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

1. தீவு மேசை

எழுபதுகளின் நடுப்பகுதியில் சிட்னி நகரத்தில் ஒரு பயண முகவர் கம்பனியில் ரிக்கெற் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவது என்றால் உண்மையாகவே எழுதுவது. காபன் தாள் வைத்து, பேனையை அழுத்தி, நாலு பிரதிக்கும் தெரிகிற மாதிரி. முக்கால்வாசி மெல்பேண் ரிக்கெற். எல்லாருக்கும் ஜன்னல் சீற் வேண்டும், எல்லாருக்கும் முன்வரிசை வேண்டும், எல்லாரும் நேற்றே போயிருக்க வேண்டும்.

எங்கள் பாஸ் கென் ஒரு நாள் என் கவுண்டரில் முழங்கையை ஊன்றினார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். என் காதுக்குள் அது எப்படி விழுந்ததோ அப்படியே தருகிறேன்.

"பாலா, நீ ஒரு தீவிலதானே பிறந்தனி?"

"ஓம்."

"சின்னத் தீவோ?"

"சின்னத் தீவுதான்."

"அப்ப உனக்குத் தீவுகளைப் பற்றித் தெரியும்."

அது கேள்வியாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தீர்மானமாக இருந்தது. பஸ் விஷயத்தை நான் சொல்லவில்லை.

கென்னின் யோசனை இது. தாய்லாந்தின் தென்மேற்குக் கடலில், செங்குத்தான சுண்ணாம்புக்கல் மலைகள் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் தீவுகள் நிறைய இருக்கின்றன. வெள்ளை மணல், ஆள் நடமாட்டம் இல்லை. தலைமயிர் வளர்த்த பெடியங்கள் முதுகில் பையோடு போய் வருகிறார்கள். கொஞ்சம் வயதான, சூட்கேஸ் வைத்திருக்கிற மனிதர்களை ஏன் கொண்டுபோகக் கூடாது? ஒன்பது நாள், நாளுக்கு ஒரு தீவு. முதல் குழுவை நானே கூட்டிப் போக வேண்டும்.

"சொன்ன நாளில, முறைப்பாடு இல்லாம, எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்து சேர். தீவு மேசை உனக்கு. இல்லாட்டி உனக்கு மெல்பேண்தான், மேட்."

தீவு மேசை ஜன்னலோரம். தனி ரெலிபோன், தனி விசிட்டிங் கார்ட். என் மனைவிக்கு அன்று மாலையே சொல்லிவிட்டேன். அவள் மறுநாளே தன் தங்கைக்கு லண்டனுக்கு எழுதிவிட்டாள். இனித் தோற்க முடியாது.

2. அட்டவணை

இற்றினரரி, அதாவது பயண அட்டவணை, தயாரித்த விதத்தைச் சொல்கிறேன், யாரும் பின்பற்ற வேண்டாம். அலுவலக அட்லஸை விரித்தேன். தீவுக்கும் தீவுக்கும் இடையில் என் சுண்டுவிரல் நகம் அளவு தூரம். ஒரு நகத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தேன்.

ஒன்பதாம் நாளுக்கு மகுடமாக ஏதாவது வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் போய்வந்த ஒரு பெடியன் வேறு ரிக்கெற் விஷயமாகக் கவுண்டருக்கு வந்தான். ஒரு போட்டோ காட்டினான். மலைச்சுவரின் அடியில் ஒரு கறுப்பு ஓட்டை. அதற்குள் தட்டையான தோணியில் குனிந்து போனால் அந்தப் பக்கம் மலைகளுக்கு நடுவே மறைந்த ஏரி, பச்சைத் தண்ணீர், சின்ன மணற்கரை, மேலே வட்டமாக வானம்.

"எத்தனை மணிக்குப் போனீர்?" என்று கேட்டேன். எவ்வளவு கெட்டிக்காரக் கேள்வி பாருங்கள்.

"பத்து மணி இருக்கும்."

எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் நாள், 10.00 மணி: குகை வழியே மறைந்த ஏரிக்குள் பிரவேசம். 11.30: வெளியேறுதல். 12.15: மதிய உணவு. 4.30: பாங்கொக் விமானம்; அன்றிரவே சிட்னி விமானத்துக்குக் கனெக்‌ஷன். அவன் எந்த மாதம், எந்தத் திகதி போனான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப்பக்கக் குறிகட்டுவான் இறங்குதுறையில் பத்து மணி லோஞ்ச் என்றால் மழையிலும் வெயிலிலும் பத்து மணி லோஞ்ச்தான். குகையும் ஒருவகை அலுவலகம், பத்து மணிக்குத் திறக்கும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொண்டது.

கென் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். "நிமிஷக் கணக்கில போட்டிருக்கிறாய்! சனத்துக்கு இதுதான் விருப்பம்." பளபளக்கும் தாளில் அச்சடித்தோம்.

3. எட்டு நாள்

குழுவில் ஐந்து பேர். சிட்னியில் வெஸ்ற்மீட் பக்கம் மயக்கமருந்து டொக்டராக இருந்த இராசநாயகம், அவருடைய மனைவி மனோன்மணி அக்கா, மெட்ராஸ்காரரான என்ஜினியர் வெங்கட்ராமன், மெல்பேணிலிருந்து வந்த டொறத்தி, பெற்றி என்ற ஓய்வுபெற்ற ரீச்சர் சகோதரிகள்.

டொக்டர் நான்கு சூட்கேசோடு வந்தார். நாளுக்கு ஒரு தீவு என்றால் நாளுக்கு இரண்டு தடவை அந்த நான்கையும் இடுப்பளவு தண்ணீரில் தலையில் சுமக்க வேண்டும். யார் சுமந்தது என்று கேட்க வேண்டாம்.

"ஐசே பாலா, உம்மட ப்ரோஷரில ஜெட்டி எண்டு ஒரு படம் போட்டிருந்தீர். அது எங்க?"

"அது வேற தீவு, டொக்டர்."

"எல்லாமே வேற தீவாத்தான் இருக்குது."

மனோன்மணி அக்காவுக்கு ஒரே கேள்வி. மூன்று வேளையும் அதே கேள்வி. "தம்பி, சோறு தாறாங்கள் சரி. குழம்பு எங்க?" அவர் தன் ஹோம்புஷ் வீட்டுக் குசினியில் சுட்டுக் கொண்டுவந்த ஒரு ரின் தட்டை வடை இல்லாவிட்டால் நான்காம் நாளே முறைப்பாடு எழுதியிருப்பார். வெங்கட்ராமனோ அச்சடித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கரையிலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "நாற்பது நிமிஷம் லேட்டு சார்." நகக் கணக்கு எங்கேயும் சரி வரவில்லை. சகோதரிகள் இருவரும் மட்டும் எதையும் கேட்காமல் நீந்தினார்கள், சிவந்தார்கள், தூங்கினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் நான் ஏழாம் நாள் சந்நியாசம் வாங்கியிருப்பேன்.

எங்கள் படகுக்காரர் பெயர் யூசோப். ஐம்பது வயது இருக்கும். அந்தப் பக்கத்தில் அண்ணன் என்பதற்கு 'பாங்' என்பார்கள். நாங்களும் பாங் யூசோப் என்றே கூப்பிட்டோம். இங்கிலீஷ் இருபது சொல் வைத்திருந்தார். அந்த இருபதும் போதுமானவை என்பது பிறகு தெரிந்தது.

4. ஒன்பதாம் நாள்

காலை ஏழு மணிக்கு பாங் யூசோப் என் குடிசை வாசலில் நின்றார். கடலைக் காட்டினார். தண்ணீர் பின்வாங்கிப் போய், கரை நீளமாகக் கிடந்தது.

"கேவ். கோ நௌ."

"பத்து மணிக்கு," என்று தாளைக் காட்டினேன்.

"ரென் நோ குட். வாட்டர் கம். டோர் குளோஸ்." இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மூடிக் காட்டினார்.

இதைவிடத் தெளிவாக எந்த மொழியிலும் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே டொக்டர் சவரம் செய்துகொண்டிருந்தார், அக்கா சேலை உடுத்திக்கொண்டிருந்தார், எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடாக ரோஸ்ற் என்று தாளில் இருந்தது. எட்டு நாளாக ஒன்றுமே நேரத்துக்கு நடக்கவில்லை. கடைசி நாளாவது அச்சடித்தபடி நடக்கட்டும் என்று எனக்கு ஒரு வெறி. "நோ. ரென்," என்றேன். அவர் தட்டைத் தோணியை எஞ்சின் படகுக்குப் பின்னால் கட்டப் போனார்.

பத்து மணிக்குக் குகை வாசலில் நின்றோம். ஒன்பது நாளில் முதல்முறையாக நேரத்துக்கு. வெங்கட்ராமன் எனக்குக் கை கொடுத்தார். எஞ்சின் படகைத் தன் தம்பியிடம் வெளியே விட்டுவிட்டு, பாங் யூசோப் எங்களைத் தட்டைத் தோணியில் ஏற்றினார். ஏற்றுமுன் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"லுக். குவிக். அவுட்."

குகைக் கூரையைக் கையால் தள்ளித் தள்ளி உள்ளே போனோம். வெளிச்சம் வந்தது. நாலு பக்கமும் சாம்பல் நிறச் சுவர், அதில் தொங்குகிற மரங்கள், நடுவில் கண்ணாடிப் பச்சைத் தண்ணீர். டொக்டர் தொப்பியைக் கழற்றினார். மனோன்மணி அக்கா, "இது நல்லாயிருக்குது," என்றார். ஒன்பது நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. தீவு மேசை என் கண்ணுக்குள் வந்து நின்றது, ரெலிபோனோடு.

பத்தே முக்காலுக்கு பாங் யூசோப் கூப்பிட்டார். டொக்டர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பதினொன்றுக்குக் கூப்பிட்டார். பிறகு வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நான் தாளை எடுத்து 11.30 என்ற இடத்தில் விரலை வைத்தேன். வாடிக்கையாளருக்கு ஒன்றரை மணி நேரம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். குறைத்தால் முறைப்பாடு வரும். அவர் கையை விட்டார். தோணியை மரத்தில் கட்டினார். அதற்குள் ஏறி, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

சரியாகப் பதினொன்றரைக்கு விசில் ஊதினேன். ஆம், விசிலும் வைத்திருந்தேன். எல்லாரும் ஒழுங்காகத் தோணிக்கு வந்தார்கள். வந்த வழியைப் பார்த்தேன். வழி இல்லை. ஓட்டை இருந்த இடத்தில் பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

"என்ன சார், டோரைக் காணோம்?" என்றார் வெங்கட்ராமன்.

5. உள்ளே

"ஒருவரும் பதற வேண்டாம்!" என்று கத்தினேன். மலைச்சுவர் அதை மூன்று தடவை திருப்பிச் சொன்னது. ஒருவரும் பதறவில்லை. டொறத்தி துவாயை விரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்களை எண்ணினேன். ஐந்து. திரும்பவும் எண்ணினேன். ஐந்து. எங்கும் போக வழியில்லாத இடத்தில் ஆட்களை ஏன் எண்ணினேன் என்று இன்றுவரை தெரியாது. இதற்குள் மணற்கரை அரைவாசியாகிவிட்டது. எங்கள் வளவுக் கிணறு மாரியில் நிரம்பி வழிவது நினைவுக்கு வந்தது. இந்த மலைக்கிணறும் விளிம்புவரை நிரம்பப் போகிறது, நாங்கள் ஏழு பேரும் மேலே மிதந்து போய் மலை உச்சியில் இறங்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டேன்.

வெங்கட்ராமனின் காதில் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார், வெளியில கடல் எவ்ளோ ஏறுதோ உள்ளேயும் அவ்ளோதான் ஏறும். அப்புறம் இறங்கிடும். ஸ்கூல்ல படிச்சதில்லையா?"

"படிச்சனான். புள்ளியும் வாங்கினனான்."

"ஐசே," டொக்டர் வந்தார். "திங்கள் காலமை ஏழரைக்கு நான் தியேட்டரில நிக்கோணும். பிளேன் நாலரைக்கு. தண்ணி எப்ப வத்தும்?"

பாங் யூசோப்பை எழுப்பிக் கேட்டேன். தொப்பியைத் தூக்காமலே ஆறு விரல் காட்டினார்.

ஆறு மணி. விமானம் போய்விடும். பாங்கொக் கனெக்‌ஷன் போய்விடும். அடுத்த சிட்னி விமானம் மூன்று நாள் கழித்து. சொன்ன நாளில் திரும்பவில்லை. முறைப்பாடு இல்லாமல் எப்படி இருக்கும்? அப்போது ஒரு வீரம் வந்தது. குகைக்குள் முங்கி நீந்தி வெளியே போய், எஞ்சின் படகில் விமான நிலையத்துக்கு ஓடி, விமானத்தைக் கையைப் பிடித்தாவது நிறுத்திவிடுவேன். சட்டையோடு குதித்தேன். எனக்கு நீந்தத் தெரியும், முழங்கால் ஆழம்வரை. பாறையில் மண்டை இடித்தது, உப்புத் தண்ணீர் மூக்கால் ஏறியது, யாரோ என் கொலரைப் பிடித்துத் தூக்கினார்கள். பாங் யூசோப். என்னை ஒரு மூட்டை மாதிரி மணலில் போட்டுவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்தார்.

நான் அழுதேன். மெதுவாக அல்ல. சுவர் அதையும் மூன்று தடவை சொன்னது.

மனோன்மணி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரின்னைத் திறந்தார். "இந்தாரும் தம்பி, சாப்பிடும். வெறுவயித்தில அழக் கூடாது."

"அக்கா, நாங்கள் சாகப் போறம்."

"பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பாப்பம். இப்ப சாப்பிடும்."

டொக்டர் என் மண்டையைத் தடவிப் பார்த்தார். "ஒண்டுமில்லை. உள்ளுக்கு ஏதும் இருந்திருந்தால்தான் பயம்."

இரண்டரை மணியளவில் கரை ஒரு பாய் அகலத்துக்கு வந்தது. அதோடு நின்றது. மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது. நாலரைக்கு எங்கோ மேலே ஒரு விமானச் சத்தம் கேட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெற்றி கையசைத்தார்.

ஆறுக்குக் கொஞ்சம் முன்னால் பாங் யூசோப் எழுந்து சோம்பல் முறித்து, "நௌ," என்றார். வெளியே வந்தோம்.

6. அறிக்கை

மூன்று நாள் பிந்திச் சிட்னி வந்தோம். கென் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "என்ன நடந்தது? எழுதித் தா."

முதலில் காலநிலை என்று எழுதினேன். கென் வெதர் ரிப்போர்ட் கேட்பார் என்று கிழித்தேன். பிறகு ஒரு வசனம் எழுதினேன்: உள்ளூர்ப் படகோட்டி பயணிகளை உரிய நேரத்தில் வெளியே எடுக்கவில்லை. எழுதியதைப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உரிய நேரம் எது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. கொடுத்துவிட்டேன்.

கென் வாசித்தார். நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. "அப்ப இது உன்ர பிழை இல்லை. நல்லது. டொக்டரை நான் சமாளிக்கிறன். மேசை உனக்குத்தான்." ஒரு ரெலெக்ஸ் படிவத்தை எடுத்து இரண்டு வரி கிறுக்கி என்னிடம் நீட்டினார். அந்தப் படகோட்டியை இனி எடுக்க வேண்டாம், வேறு ஆள் பிடிக்கவும். "போகேக்க அனுப்பிவிடு."

தட்டுகிற எழுத்தை நாடாவில் ஓட்டையாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற ரெலெக்ஸ் மெஷின் ஜன்னலோரம், தீவு மேசைக்குப் பக்கத்தில். உட்கார்ந்தேன். அந்தப் பருவம் முழுவதற்கும் எட்டுக் குழு போட்டிருந்தோம். எட்டையும் பாங் யூசோப்பே ஓட்டுவதாகப் பேச்சு. அவர் பெயருக்கு வை, யூ, எஸ், ஓ என்று தட்டினேன். நாடாவில் ஓட்டை விழுந்தது. மிச்ச எழுத்துக்களுக்கு விரல் போகவில்லை. நாடாவைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டேன். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து மேசையை ஒரு தடவை தடவிப் பார்த்தேன். நல்ல மேசை. பிறகு கென்னின் கதவைத் தட்டினேன்.

"அவர் ஏழு மணிக்கே வந்து கூப்பிட்டவர். நான் பத்து எண்டு நிண்டனான். உள்ளுக்கும் மூண்டு தரம் கூப்பிட்டவர். நான்தான் வரேல்லை."

கென் பேனையை மூடினார். "சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஓம்."

"ஏன் வரேல்லை?"

"தாளில பதினொண்டரை எண்டு இருந்தது."

"தாளை எழுதினது ஆர்?"

"நான்."

அவர் சிரிப்பாரோ கத்துவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் செய்யவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார். ஆஸ்திரேலியர் பெருமூச்சு விட்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இற்றினரரி தட்டுமுன் அந்த இடத்தில் வேலை செய்கிற மனிதரிடம் கேளுங்கள். கேட்டால் போதாது, அவர் சொன்ன நேரத்தைப் போடுங்கள். இதை நான் விளங்கிக்கொள்ள ஒரு மலை தேவைப்பட்டது.

ஒவ்வொரு நாள் நேரமும் பாங் யூசோப் சொன்னபடி புதிதாக அச்சடித்தார்கள். எட்டுக் குழுவையும் அவரே ஓட்டினார். தீவு மேசையை ஜில் என்ற பெண்ணுக்குக் கொடுத்தார்கள். நான் இன்னும் மூன்று வருடம் மெல்பேண் ரிக்கெற் எழுதினேன்.